நாலாம் நாள் அழுகை ஏன் கூடியது

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நாலரை வயதுப் பையன், எல்.கே.ஜி. படிக்கிறான். சேலம் அம்மாப்பேட்டையில் மாமனார் மாமியாரோடு ஒரே வீடு. கணவருக்குப் பெங்களூரில் வேலை. சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு இரவு கிளம்பிவிடுகிறார். பையன் போன் கேட்டு அழுகிறான், கடைக்குக் கூட்டிப்போனால் கண்ணில் பட்டதையெல்லாம் கேட்டுத் தரையில் புரள்கிறான், கையில் கிடைத்ததை எறிகிறான். அடிக்காமல் வளர்ப்பது எப்படி என்று வீடியோக்கள் பார்த்து, அவன் அழும்போது கண்டுகொள்ளாமல் இருந்து பார்த்திருக்கிறீர்கள். நாலாம் நாள் அழுகை இரண்டு மடங்காகிவிட்டது. "ரெண்டு போட்டா சரியாயிடுவான், அவங்கப்பனையே அப்படித்தான் வளத்தோம்" என்று மாமியார் சொல்ல, ஐந்தாம் நாள் நீங்களும் கை ஓங்கி அடித்துவிட்டீர்கள். அன்று இரவு தூக்கமே வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "இதெல்லாம் நம்ம ஊர் வீட்டுக்கு ஒத்துவருமா?" என்பது உங்கள் கடைசி வரி. இரண்டு மூன்று தடவை படித்த பிறகு அதற்கடியில் இன்னொரு கேள்வியும் தெரிந்தது: நாலு பெரியவர்கள் இருக்கிற வீட்டில் நான் ஒருத்தி மட்டும் மாறினால் பயன் உண்டா? இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன்.

நான் உளவியல் படித்தவள். சேலத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் குழந்தைகளையும் பெற்றோரையும் பார்த்துவருகிறேன். அதற்கு முன்னால் ஆறு வருடம் ஏற்காட்டில், எஸ்டேட் வேலைக்காரர்களின் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதியில் இருந்தேன். படிப்பில் கிடைத்ததைவிட அங்கே கிடைத்தது அதிகம். நான் மருத்துவர் இல்லை, உங்கள் பையனைப் பார்த்ததும் இல்லை. அதனால் எது உறுதியாகத் தெரிந்த விஷயம், எது என் அனுபவத்தில் தோன்றுவது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. எந்தச் செயலுக்குப் பலன் கிடைக்கிறதோ அந்தச் செயல் திரும்ப வரும். இது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது அடுத்த பாதி: எப்போதாவது ஒரு தடவை பலன் கிடைக்கிற செயல்தான் லேசில் போகாது. மேட்டூர் அணைக்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். போட்டவுடனே மீன் விழும் என்றிருந்து, ஒருநாள் அது நின்றுபோனால், அரைமணி நேரத்தில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். பத்துக்கு ஒரு தடவை விழுவதால்தான் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து வருடக்கணக்கில் அளந்து காட்டியது இதைத்தான். மூன்று தடவை "போன் கிடையாது" என்று சொல்லிவிட்டு நாலாவது அழுகைக்கு எடுத்துக் கொடுத்தால், "நாலு தடவை அழு" என்று பாடம் நடத்தியிருக்கிறோம். கேட்டவுடனே கொடுத்திருந்தால்கூட இவ்வளவு கெடுதல் இல்லை.

அடுத்து, நாலாம் நாள் நடந்தது. வீட்டு மோட்டார் ஸ்விட்சைப் போடுகிறோம், மோட்டார் ஓடவில்லை. உடனே திரும்பிப் போய்விடுவோமா? இன்னொரு தடவை போடுவோம், டக் டக்கென்று நாலு தடவை போடுவோம், பெட்டியை ஒரு தட்டுத் தட்டுவோம். அதற்குப் பிறகுதான் "சரி, கரண்ட் இல்லை போல" என்று விடுவோம். உங்கள் பையன் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தான். இவ்வளவு நாள் வேலை செய்த அழுகை திடீரென்று வேலை செய்யவில்லை, அதனால் சத்தத்தைக் கூட்டினான், தரையில் புரண்டான், தண்ணீர்ப் பாட்டிலை எறிந்தான். அணையப்போகிற விளக்கு ஒரு தடவை பளிச்சென்று எரியும் என்பார்களே, அதுதான். இது ஆய்வுகளில் பதிவாகி, பாடப்புத்தகத்தில் பெயரோடு இருக்கிற விஷயம். எல்லாப் பிள்ளைக்கும் வரும் என்றில்லை, வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முறை வேலை செய்யவில்லை என்று நீங்கள் முடிவுகட்டிய அந்த நாள், அது வேலை செய்ய ஆரம்பித்த நாளாக இருந்திருக்கலாம். இதைச் சொல்லாமல் "கண்டுகொள்ளாதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற வீடியோக்காரர்கள்மீது எனக்கு உள்ளபடியே கோபம் உண்டு.

அவர்கள் சொல்லாமல் விட்ட இன்னொன்று, எதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது என்பது. சிணுங்கல், கத்தல், தரையில் புரள்வது, "நீ கெட்ட அம்மா" என்பது, இவற்றுக்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். எறிவது, கடிப்பது, அடிப்பது வேறு கணக்கு. அங்கே உடனே போய்க் கையைப் பிடித்து, "எறியக் கூடாது" என்று இரண்டே வார்த்தை சொல்லி, எறிந்த பொருளைப் பரண்மேல் வைத்துவிட வேண்டும். நாளைக் காலையில்தான் இறங்கும். பயந்து அழுவது, வலியில் அழுவது, இவற்றை ஒருபோதும் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பொடேகல் குழந்தைகளின் அடத்தை நிமிடம் நிமிடமாக ஆராய்ந்தவர். கோபம் ஆரம்பத்திலேயே உச்சத்துக்குப் போய் இறங்கிவிடுகிறது, அதற்குப் பிறகும் தொடர்வது துக்கமும் ஆறுதல் தேடலும் என்பது அவர் காட்டியது. உச்சத்தில் இருக்கும்போது நீங்கள் பேசுகிற எதுவும் அவன் காதில் ஏறாது. விசும்பலாக இறங்கி உங்கள் பக்கம் வரும்போது தூக்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அது விட்டுக்கொடுப்பது ஆகாது. போன்தான் கிடையாது, அம்மா உண்டு.

கண்டுகொள்ளாமல் இருப்பது பாதி மருந்துதான். மீதிப் பாதி, அவன் ஒழுங்காக இருக்கும்போது கண்டுகொள்வது. என்னிடம் வரும் அம்மாக்களுக்கு ஒரு வேலை கொடுப்பேன். காலையில் பத்துப் புளியங்கொட்டையை ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை சும்மா, சமர்த்தாக இருக்கும் நேரத்தில் நீங்களாக அவனிடம் ஏதாவது பேசினால் ஒரு கொட்டையை இன்னொரு டப்பாவுக்கு மாற்றுங்கள். ராத்திரி எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் மாறியிருக்கும். பனங்காட்டுப் பக்கம் வீட்டிலேயே கொலுசுக்குக் கண்ணி கோர்க்கிற ஓர் அம்மா வந்திருந்தார். பையன் ரொம்ப முரண்டு, தட்டைத் தட்டிவிட்டுவிடுகிறான், வெள்ளிக் கண்ணியெல்லாம் தரையில் சிதறினால் பொறுக்கியெடுக்க ஒருமணி நேரம் ஆகிறது என்றார். ஒருநாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். பையன் ஒரு பிளாஸ்டிக் மூடியைச் சுழற்றிக்கொண்டு நாற்பது நிமிடம் பக்கத்திலேயே இருந்தான். அம்மா குனிந்த தலை நிமிரவில்லை. பாவம், எடைக்கணக்கு, நேரக்கணக்கு. நாற்பது நிமிடம் கழித்து அவன் மெதுவாகக் காலை நீட்டித் தட்டை இடித்தான். "ஏண்டா!" என்று அம்மா அவன் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவை. அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவருக்கு நான் சொன்னது, ஒரு வரிசை கோர்த்து முடிந்ததும் தலையை நிமிர்த்தி, "மூடி இன்னும் சுத்துதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள் என்பது மட்டும்தான். இரண்டு வாரத்தில் தட்டுக்கு வந்த ஆபத்து முக்கால்வாசி போய்விட்டது என்று அவரே வந்து சொன்னார்.

பாராட்டுவது என்றால் நாள் முழுக்க "சூப்பர், சூப்பர்" என்று சொல்வது இல்லை. அது இரண்டு நாளில் காதுக்குப் பழகிவிடும். "செருப்ப நீயே எடுத்து வெச்சுட்டியா" என்று பார்த்ததைச் சொன்னால் போதும், நாலரை வயதுக்கு அதுவே மாலை போட்ட மாதிரி. தினமும் பத்து நிமிடம், போனைத் தள்ளி வைத்துவிட்டு, அவன் சொல்கிற விளையாட்டை அவன் சொல்கிறபடி விளையாடுங்கள். அந்தப் பத்து நிமிடம் பாடம் நடத்தாதீர்கள், கலர் பெயர் கேட்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான பெற்றோர் பயிற்சியாகட்டும், அமெரிக்காவில் உருவானவை ஆகட்டும், பல தடவை சோதித்துப் பார்த்த திட்டங்கள் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது இவ்வளவுதான்: நல்லதைக் கவனிப்பது, சட்டங்களைக் குறைவாக வைப்பது, வைத்த சட்டத்தை மாற்றாமல் இருப்பது. சராசரியாகப் பலன் உண்டு என்பதில் சந்தேகமில்லை. சராசரி என்றாலே சில வீடுகளில் பலிக்கவில்லை என்பதும் அதற்குள் அடக்கம்.

இனி அடி. இங்கே உறுதியையும் சந்தேகத்தையும் கொஞ்சம் கவனமாகப் பிரிக்க வேண்டும். 2016-இல் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கேலர் என்ற இருவர், 75 ஆய்வுகளில் வந்த சுமார் 1,60,000 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனக்கஷ்டமும் கூடுதலாக இருந்தது. அடித்ததால் நாளடைவில் ஒழுங்கு கூடியது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சந்தேகம் எங்கே என்றால், அடித்ததால் முரடனானானா, முரடனாக இருந்ததால் அடி வாங்கினானா என்பதில். பாதிப் பிள்ளைகளை அடித்து, பாதிப் பிள்ளைகளை அடிக்காமல் வைத்து யாரும் சோதனை செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அதனால் அந்த வாதம் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. எப்போதோ ஒரு தடவை விழுந்த ஓர் அடி ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லி உங்கள் தூக்கத்தை மேலும் கெடுப்பதில் நியாயமில்லை. ஆனால் அடித்தவுடன் வருகிற அந்த அமைதி இருக்கிறதே, அது அடித்தவருக்குக் கிடைக்கிற பரிசு. பிள்ளைக்கு நாலாவது அழுகைக்குப் போன் கிடைத்த மாதிரி, பெரியவருக்கு அடிக்கு அமைதி கிடைக்கிறது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயிற்சி கொடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த தடவை கை சீக்கிரம் எழும்பும், கொஞ்சம் பலமாகவும் விழும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் வீடுகளுக்கே ஆட்களை அனுப்பி, கவனித்து எழுதிவைத்த சுழல் இது. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், பள்ளியில் உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்துவிட்டது. வாத்தியார் அடித்தால் சண்டைக்குப் போகிற நாம் வீட்டுக்குள் மட்டும் வேறு நியாயம் வைத்திருக்கிறோம்.

மாமியார் "அடியாத மாடு படியாது" என்று சொன்னால், மாடு பழக்கினவர்களைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புதுக்காளையைப் பழகின காளையோடு ஜோடி கட்டித்தான் ஏருக்குப் பழக்குவார்கள். பக்கத்து மாடு நடக்கிற நடையைப் பார்த்துத்தான் அது நடை படிக்கும். தார்க்குச்சியால் குத்திப் பழக்கின மாடு கைமாறிப் போனால் அடுத்தவரிடம் முரண்டு பிடிக்கும் என்பது என் அப்பா சொல்லிக் கேட்டது. என் வீட்டுக் கதையும் ஒன்று இருக்கிறது. என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கையில் டிபன் பாக்ஸைத் தொலைத்துவிட்டு, பிரெண்டு வாங்கிக்கொண்டாள் என்று பொய் சொன்னாள். நாள் முழுக்க அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு யோசனை சொல்லிவிட்டு வந்த களைப்பு. கன்னத்தில் ஒன்று விட்டேன். அதற்குப் பிறகு அவள் பொய் சொல்வதை நிறுத்தவில்லை, நான் கண்டுபிடிக்காத மாதிரி சொல்லப் பழகிக்கொண்டாள். அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இப்போது நாலு பெரியவர்கள் விவகாரம். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்வார்கள். நடக்காத காரியம். என் அனுபவத்தில் அது தேவையும் இல்லை. பிள்ளைகள் ஆளுக்கு ஆள் சட்டம் மாறுவதை நன்றாகவே புரிந்துகொள்வார்கள். பள்ளியில் கைகட்டி உட்கார்பவன் அம்மாயி வீட்டில் கட்டில்மேல் குதிக்கிறான், குழம்பிப்போவதில்லை. கெடுப்பது வேறு இரண்டு. ஒருவர் "இல்லை" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் இன்னொருவர் அவன் கண்ணெதிரே கொடுப்பது ஒன்று. ஒரே ஆள் இன்று சிரித்துவிட்டு நாளைக்கு அதே செயலுக்கு அடிப்பது இன்னொன்று. முதலாவதை விட இரண்டாவதுதான் மோசம், அதைத் திருத்த யார் சம்மதமும் உங்களுக்கு வேண்டாம். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது: நீங்கள் ஒருவர் மாறினாலும், உங்களிடம் அவன் நடந்துகொள்வது மாறும். மற்றவர்களிடமும் மாற வேண்டுமென்றால் மூன்றே மூன்று விஷயத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். அழுதால் போன் இல்லை, யாரும் அடிப்பதில்லை, ராத்திரி இத்தனை மணிக்குப் படுக்கை. மிச்சமெல்லாம் அவன் ஆயா, அதாவது உங்கள் மாமியார் பாடு. ஒரு முறுக்கு கூடுதலாகக் கொடுத்தாலோ, கையால் ஊட்டிவிட்டாலோ குடி முழுகிப்போகாது, விட்டுவிடுங்கள்.

மாமியாரிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கேதான் எல்லாம் நின்றுபோகும். வீடியோவைக் காட்டிப் பேசாதீர்கள். "நீங்க குடுக்கறதாலதான் கெட்டுப்போறான்" என்று ஆரம்பித்தால் அன்றோடு சரி. "அத்தை, அவன் உங்க பேச்சுன்னா கேக்கறான். சாயங்காலம் அவன் அழுவறப்ப நீங்களே பாத்துக்குங்க, போன மட்டும் நானும் குடுக்கல, நீங்களும் குடுக்க வேண்டாம்" என்று பொறுப்பை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். பெரியவர்கள் போன் கொடுப்பதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடிப்பது நம் வேலை. உங்கள் பகுதியிலேயே தறி ஓட்டுகிற ஒரு தாத்தா பேரனுக்கு மணிக்கணக்கில் போன் கொடுத்துக்கொண்டிருந்தார். மருமகளுக்கு ஆத்திரம். தாத்தாவைக் கேட்டபோது, "கை தறிக்குள்ள போயிடுச்சுன்னா என்னங்க பண்றது?" என்றார். அவருக்கு இருந்தது பயம். தறியில் நூலை இப்படியும் அப்படியும் கொண்டுபோகிற பழைய நாடா ஒன்று, அதற்குள் வைக்க நூல் சுற்றுகிற தார்க்குச்சி காலியாகப் பத்து, கழிவு நூல் கொஞ்சம், தறிக்குழியிலிருந்து நாலடி தள்ளி ஒரு பாய். பேரன் அந்தப் பாயில் "தறி ஓட்ட" ஆரம்பித்தான். போன் முழுவதும் ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன், பாதியாகக் குறைந்தது.

கணவர் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "அப்பா வரட்டும், சொல்றேன்" என்ற வார்த்தையை இன்றே விட்டுவிடுங்கள். வாரம் ஒருநாள் வருகிற மனிதரை நீதிபதியாக உட்காரவைத்தால், பிள்ளை அவர் வருகையைப் பயத்தோடு பார்ப்பான், அல்லது அவர் அதற்கு ஈடுகட்ட பொம்மையோடு வந்து இறங்குவார். வெள்ளிக்கிழமை போனில் மூன்று ஒப்பந்தத்தையும் அவருக்குச் சொல்லுங்கள். ஞாயிறு காலை எண்ணெய்க் குளியல் அவர் பொறுப்பு, மாலையில் அண்ணா பூங்கா அவர் பொறுப்பு என்று விட்டால் போதும்.

போனை எப்படிக் குறைப்பது? உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு, 2 முதல் 4 வயதுவரை ஒருநாளைக்கு ஒரு மணிநேரத்துக்குள், குறைந்தால் இன்னும் நல்லது என்பது. அந்த எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, போன் எதன் பின்னால் வருகிறது என்பது. அழுகைக்குப் பின்னால் வந்தால் அழுகைக்குக் கூலி. தினமும் பால் குடித்து முடித்ததும், அவன் கேட்பதற்கு முன்னாலேயே நீங்களாக எடுத்து, இரண்டு வீடியோ என்று கொடுத்தால் அது காப்பி நேரம் மாதிரி ஒரு நேரம், அவ்வளவுதான். அடுத்த வீடியோ தானாக ஓடுகிற வசதியை அணைத்துவிடுங்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று சொல்லாதீர்கள், அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியாது. இதை நான் படித்தது ஏற்காட்டு மலைப்பாதையில். விடுதிப் பிள்ளைகளை விடுமுறை முடிந்து சேலத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போவோம். ஐந்து வயதுப் பையன் ஒருவன் அடிவாரத்திலேயே ஆரம்பித்துவிடுவான், "எப்ப வரும், எப்ப வரும்" என்று. பத்தாவது நிமிடம் அது அழுகையாகிவிடும். "இதோ வந்துடுச்சு" என்று நான் சொல்லச் சொல்ல இன்னும் மோசமானான். எங்கள் சமையல்காரம்மா ஒருநாள் அவனை ஜன்னலோரம் உட்காரவைத்து, "இருபது வளைவு இருக்கு சாமி, போர்டுல நம்பர் போட்டிருக்கும், நீ பாத்துச் சொல்லு" என்றார். பதினாலாவது வளைவில் பஸ்ஸே அவனோடு சேர்ந்து எண்ணியது. முடிவு கண்ணுக்குத் தெரிந்தால் பிள்ளைகளால் காத்திருக்க முடிகிறது. போனுக்கும் அதே கணக்கு: "இந்த யானைப் பாட்டு முடிஞ்சதும் ஆயாகிட்ட குடுத்துடணும்."

காத்திருப்பதற்கு இன்னொன்றும் வேண்டும், நம் பேச்சின்மேல் நம்பிக்கை. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரின் குழு 2013-இல் 28 குழந்தைகளை வைத்து ஒரு சின்னச் சோதனை செய்தது. நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன் என்று சொன்ன பெரியவர் பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்; மீதிப் பேருக்கு "ஸாரி, இல்லை" என்று வெறுங்கையோடு வந்தார். அதன் பிறகு, ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் இருந்தால் இன்னொன்று கிடைக்கும் என்று சொல்லி விட்டார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாற்றப்பட்டவர்கள் மூன்று நிமிடம். சின்ன ஆய்வுதான், மலையைத் தூக்கி அதன்மேல் வைக்க முடியாது. ஆனால் "சும்மா இருந்தா ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று வாரம் மூன்று தடவை சொல்லி ஒரு தடவையும் போகாத வீடுகளை நினைத்தால் எனக்கு அந்த மூன்று நிமிடம்தான் ஞாபகம் வருகிறது. பூச்சாண்டி, போலீஸ், டாக்டர் ஊசி எல்லாம் இதே ரகம். நடக்காத மிரட்டலுக்கு இரண்டு மாதம்தான் ஆயுள்.

கடைத்தெரு விஷயத்தில் நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சாயங்காலம் ஒரு தட்டுவடை செட் வண்டி. ஓர் அம்மா, கையில் பையன், உங்கள் மகன் வயதுதான் இருக்கும். வண்டிக்கு வருவதற்கு முன்னாலேயே குனிந்து, "ஒரு செட்டு, காரம் போடாம. வேற எதுவும் இல்ல" என்று சொல்லிக் கூட்டிவந்தார். கடைக்காரர் இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவின பீட்ரூட்டும் வெங்காயமும் வைத்துக்கொண்டிருக்கும்போதே பையன் பக்கத்தில் தொங்கின சிப்ஸ் பாக்கெட்டைப் பிடித்து இழுத்துக் கத்த ஆரம்பித்தான். அம்மா ஒன்றும் பேசவில்லை, பையனைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளி நிறுத்தியிருந்த ஸ்கூட்டி பக்கம் போய் நின்றுகொண்டார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "ஏம்மா புள்ளைய அழ விடறீங்க, பத்து ரூவா தான" என்று பாக்கெட்டோடு வந்துவிட்டார். "வேண்டாங்கய்யா, இப்ப நிறுத்திடுவான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் அம்மா. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். விசும்பல் நின்றதும் திரும்பி வந்து அதே செட்டை வாங்கி இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அந்த இரண்டு நிமிடமும் வேடிக்கை பார்க்கிறவர்களை அவர் சமாளித்த அழகுதான் பாடம். பிள்ளையைச் சமாளிப்பது அதைவிடச் சுலபம். முதலில் பசியோடு கடைக்குக் கூட்டிப்போகாதீர்கள். எல்.கே.ஜி. விட்டு வந்த பிள்ளை நாலு மணிக்குச் செய்கிற அழிச்சாட்டியத்தில் பாதி வயிற்றில் இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்து மணிநேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும். அது இல்லாமல் மற்றதெல்லாம் செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

எவ்வளவு நாளில் மாறும்? நான் பார்த்த வீடுகளில் இரண்டு, மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். காய்ச்சல் வந்தாலோ, உறவுக்காரர்கள் வந்து போனாலோ, பழைய அடம் ஒருநாள் தலைகாட்டும். அன்றைக்கு மட்டும் தடுமாறாமல் இருந்தால் சீக்கிரம் அடங்கிவிடும்.

இதற்கெல்லாம் அப்பாற்பட்ட சில அடையாளங்கள் உண்டு. கூப்பிட்டால் திரும்பாமை, இந்த வயதிலும் கோர்வையாகப் பேச வராமை, மற்ற பிள்ளைகளோடு விளையாடவே ஆசைப்படாமை, முன்பு செய்ததை இப்போது செய்ய மறந்துபோவது, தினமும் அரைமணி நேரத்துக்குக் குறையாத அடம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, ராத்திரி வாயைத் திறந்து பலமாகக் குறட்டை விடுவது. இதில் எது இருந்தாலும் என்னைப் போன்றவர்களின் பதிலைப் படித்துக்கொண்டு உட்காராமல், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ, உங்கள் குழந்தை மருத்துவரிடமோ காட்டுங்கள். காது கேட்கும் திறனையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் தூக்கமின்மையும் அழுகையும் தொடர்ந்தால் 14416-க்குக் கூப்பிடலாம். மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். ஐந்தாம் நாள் விழுந்த அடிக்கு அவனிடம், "அம்மா அடிச்சது தப்பு கண்ணு, இனி அடிக்க மாட்டேன்" என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். அதற்கு ஈடாகப் போனை மட்டும் நீட்டிவிடாதீர்கள்.

மறுபடி எப்போது ஆரம்பிப்பது என்றால், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரத்தில் வேண்டாம். வீடு நிறைய ஆள் இருப்பார்கள், ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள். திருவிழா முடிந்து, கணவர் ஞாயிறு இரவு பஸ் ஏறின மறுநாள், ஒரு சாதாரணத் திங்கட்கிழமையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தின் வியாழக்கிழமையை மட்டும் காலண்டரில் வட்டம் போட்டு, மாமியாருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: அன்றைக்குத்தான் கத்தல் உச்சத்துக்குப் போகக்கூடும்.